மின்சாரத்துக்குக் கணக்குப் போட்ட நான்கடி மனிதர்

ஆடி மாதம். இரவு நேரம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து காற்று இறங்கி வீசுகிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு. அங்கே ஒரு மட்டை முறிகிறது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து மின்சாரக் கம்பியின் மேல் போடுகிறது. பளிச்சென்று ஒரு வெளிச்சம்! கம்பி அறுந்து தரையில் விழுகிறது.

அந்த வழியே ஒரு மாட்டு வண்டி வரலாம். சைக்கிளில் ஒரு தொழிலாளி வரலாம். கம்பியில் மின்சாரம் இருந்தால் அவர்கள் கதி என்ன?

கம்பி விழுந்த சிறிது நேரத்துக்குள் மின்சாரம் தானாக நின்றுவிட வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் ஒரு காவல் கருவி இருக்கிறது. அதற்கு 'ரிலே' என்று பெயர். அது தூங்குவதே இல்லை. பழுது ஏற்பட்டதும் கண் இமைக்கும் நேரத்தில் அது கட்டளை இடும். உடனே பெரிய சுவிட்ச் திறந்துகொள்ளும். மின்சாரம் நின்றுவிடும்.

ஆனால் ரிலேக்கு ஒரு பெரிய கேள்வி. பழுது எந்தப் பக்கம் இருக்கிறது? முன்னாலா, பின்னாலா?

இந்தக் கேள்விக்குக் கணக்கின் மூலம் பதில் காண வழி செய்தவர்களில் முதன்மையானவர் ஒருவர் உண்டு. அவர் நான்கடி உயரம்தான் இருப்பார். முதுகிலே கூன். நடப்பதே கஷ்டம். அவருடைய கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

இரண்டு காவலாளிகள்

ராஜபாளையத்தில் ஒரு காவலாளி நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்து நிற்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு காவலாளி. அவன் ராஜபாளையத்தைப் பார்த்து நிற்கிறான். நடுவே ஓடுகிற மின்சாரக் கம்பிக்கு இவர்கள் இருவரும் காவல்.

பழுது எனக்கு முன்னால் இருக்கிறது என்று இருவருமே சொன்னால், அது இருவருக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். உடனே இரண்டு முனையிலும் மின்சாரத்தை வெட்டிவிடலாம்.

ஒருவன் முன்னால் என்கிறான், மற்றவன் பின்னால் என்கிறான். அப்படியானால் பழுது இவர்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இந்தக் கம்பியை வெட்டக் கூடாது. வெட்டினால் ஒரு குற்றமும் செய்யாத ஊர் இருட்டில் தவிக்கும். நூல் மில் நின்றுபோகும். ஆஸ்பத்திரியில் விளக்கு அணையும்.

ஆகவே காவலாளி பொய் சொல்லக் கூடாது. தவறாகவும் சொல்லக் கூடாது. அவன் தவறினால் இரண்டு வகை ஆபத்து. வெட்ட வேண்டிய கம்பி வெட்டப்படாமல் கிடக்கும். அல்லது வெட்டக் கூடாத கம்பி வெட்டப்பட்டுவிடும்.

காவலாளிக்குத் திசை எப்படித் தெரிகிறது? நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஆற்று நீர்போல ஒரே பக்கமாக ஓடுவதில்லை. அது ஊஞ்சல்போல ஆடுகிறது. ஒரு வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. அப்படி ஆடுகிற ஒன்றைப் பார்த்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று எப்படிச் சொல்வது?

அதற்கு இரண்டு ஊஞ்சல்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று மின்சாரத்தைத் தள்ளுகிற அழுத்தம். அதை வோல்டேஜ் என்கிறோம். இன்னொன்று கம்பியில் ஓடுகிற மின்சாரம். அது கரண்ட். பழுது முன்னால் இருந்தால், அழுத்தம் என்ற ஊஞ்சல் முன்னே போகும். கரண்ட் என்ற ஊஞ்சல் சற்றுத் தாமதமாக அதன் பின்னாலேயே போகும். பழுது பின்னால் இருந்தால் எல்லாம் நேர்மாறு. முன்னே வர வேண்டிய நேரத்தில் கரண்ட் பின்னே போகும்.

ஆக, கரண்ட் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்றும் பார்க்க வேண்டும். இதை எஞ்சினியர்கள் எல்லோரும் எளிதாகப் போடக்கூடிய கணக்காக மாற்றிக் கொடுத்தவர்தான் நம் நான்கடி மனிதர். அவர் பெயர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ்.

தாயில்லாப் பிள்ளை

1865-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி. ஜெர்மானியர் ஆண்ட பிரஷ்யா நாட்டில் பிரெஸ்லாவ் என்று ஒரு நகரம். அது இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. அங்கே ஒரு ரெயில்வே ஊழியரின் வீட்டில் அவர் பிறந்தார். அவருக்கு வைத்த பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ஃப்.

பிறக்கும்போதே முதுகு வளைந்திருந்தது. இடுப்பும் சரியில்லை. தகப்பனாருக்கும் கூன். பாட்டனாருக்கும் கூன். அதே குறை பேரனுக்கும் வந்துவிட்டது. சின்னக் குழந்தையாக இருக்கும்போதே தாயார் இறந்துபோனார்.

உடம்பு வளையாத இடத்தில் மூளை வளைந்து கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் பையன் கணக்கில் புலியானான். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அங்கே மாணவர்கள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். இவனுக்கு வைத்த பெயர் புரோட்டியஸ். அது கிரேக்கக் கதைகளில் வரும் ஒரு கடல் தெய்வத்தின் பெயர். அந்தத் தெய்வம் நினைத்த உருவத்தை எடுக்கும். எல்லா ரகசியமும் அறியும். கேலிக்காக வைத்த பெயர்தான். ஆனால் அவர் அதை ஆசையோடு ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஜெர்மனியில் பொது உடைமை பேசுவோரைச் சர்க்கார் வேட்டையாடியது. ஸ்டைன்மெட்ஸ் அந்தக் கொள்கைக்காரர். அதற்காக ஒரு பத்திரிகையையும் நடத்தினார். போலீசார் தேடினார்கள். 1888-ல் டாக்டர் பட்டம் கைக்கு எட்டும் நேரம். பட்டத்தை விட்டுவிட்டு அவர் ஓட வேண்டியதாயிற்று. தகப்பனாரை விட்டுப் பிரிந்து ஸ்விட்சர்லாந்து நாட்டில் ஜூரிச் நகரம் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் தடுத்தார்கள்

ஜூரிச்சில் ஒரு நண்பர் கிடைத்தார். பெயர் ஆஸ்முசென். அவர் அமெரிக்கா போகப் புறப்பட்டார். இவரையும் அழைத்தார். இருவரும் கப்பலில் மிக மலிவான டிக்கெட்டில் பயணம் செய்தார்கள்.

1889-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி. கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது. வந்து இறங்குகிறவர்களை அதிகாரிகள் பரிசோதித்தார்கள். 24 வயது ஸ்டைன்மெட்ஸின் முறை வந்தது. கூன் விழுந்த முதுகு. கையில் பணம் இல்லை. ஆங்கிலம் ஏறக்குறைய தெரியாது. இந்த ஆள் உழைத்துப் பிழைக்க மாட்டான், நாட்டுக்குப் பாரமாக இருப்பான் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்.

திரும்பிப் போனால் ஜெயில்தான். என்ன செய்வார் பாவம்!

ஆஸ்முசென் கைவிடவில்லை. தம்மிடம் இருந்த பணத்தைக் காட்டினார். இவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தார். இவர் பெரிய படிப்பாளி என்று எடுத்துச் சொன்னார். அதிகாரிகள் மனம் இரங்கினார்கள். வாசல் திறந்தது.

அன்று அந்த நண்பர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் மின்சார உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும்.

சூடாகும் இரும்பு

நியூயார்க் அருகே யாங்கர்ஸ் என்ற ஊர். அங்கே ஐக்கமேயர் என்பவர் ஒரு தொழிற்சாலை வைத்திருந்தார். அவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான். அவர் ஸ்டைன்மெட்ஸுக்கு வேலை கொடுத்தார்.

அந்த நாளில் மோட்டார் செய்பவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. மோட்டாருக்குள் இருக்கும் இரும்பு சூடாகிவிடும். முன்னும் பின்னும் ஆடுகிற மின்சாரம் இரும்பை மாறி மாறிக் காந்தமாக்குகிறது. அதில் சக்தி வீணாகிச் சூடு பிறக்கிறது. எவ்வளவு வீணாகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் தெரியாது. மோட்டாரைச் செய்து பார்ப்பார்கள். சூடானால் உடைத்து வேறு செய்வார்கள்.

ஸ்டைன்மெட்ஸ் பல இரும்புகளைச் சோதித்தார். ஒரு விதியைக் கண்டுபிடித்தார். 1892-ல் எஞ்சினியர்கள் சங்கத்தில் அதைப் படித்தார். இனி மோட்டார் செய்வதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்! 27 வயது நிறைவதற்குள் அவர் பெயர் பரவியது. ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற பெரிய கம்பெனி ஐக்கமேயரின் தொழிலை விலைக்கு வாங்கியது. ஸ்டைன்மெட்ஸும் அந்தக் கம்பெனிக்கு வந்தார். 1894-ல் ஸ்கெனெக்டடி என்ற ஊரில் குடியேறினார். சாகும்வரை அதுவே அவர் ஊர்.

கற்பனை எண் செய்த வேலை

1893-ல் சிகாகோ நகரில் உலக மின்சார மாநாடு நடந்தது. அங்கே ஸ்டைன்மெட்ஸ் ஒரு புதிய கணக்கு முறையைச் சொன்னார். அதுதான் அவருடைய மிகப் பெரிய கொடை.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் நீங்கள் நிற்கிறீர்கள். ஒருவர் வழி கேட்கிறார். ஐந்து அடி தூரம் என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போகத் தெரியாது. கிழக்கே நான்கு அடி, வடக்கே மூன்று அடி என்று சொன்னால் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவார். அந்த இடம் தேரடியிலிருந்து நேராக ஐந்து அடி. இரண்டு எண்கள் சேர்ந்து தூரத்தையும் சொல்கின்றன, திசையையும் சொல்கின்றன.

ஆடுகிற மின்சாரத்துக்கும் இப்படி இரண்டு எண்கள் போதும் என்றார் ஸ்டைன்மெட்ஸ். எவ்வளவு பெரிய ஆட்டம் என்பதும் அதில் இருக்கும். எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதும் அதில் இருக்கும். இரண்டாவது எண்ணைக் குறிக்க, கணக்கு வாத்தியார்கள் கற்பனை எண் என்று அழைத்து வந்த ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கும் உதவாது என்று பலர் நினைத்த அந்தக் கற்பனை எண் நிஜமான விளக்குகளை எரிய வைக்க வந்தது!

அதுவரை பக்கம் பக்கமாகக் கடினமான கணிதம் போட வேண்டியிருந்தது. இப்போது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும் என்று ஆயிற்று. ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்த வித்தை எல்லா எஞ்சினியர்களுக்கும் சொந்தமாயிற்று.

அதே ஆண்டில் இன்னொருவரும் இதே பாதையில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பெயர் ஆர்தர் கென்னலி. அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் பம்பாய்!

1897-ல் ஸ்டைன்மெட்ஸ் இந்த முறையைப் பெரிய புத்தகமாக எழுதினார். 1901-ல் அமெரிக்க மின்சார எஞ்சினியர்கள் சங்கத்தின் தலைவரானார். 1902-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்தான் இவர்!

சாக்குக் கட்டி கதை

அமெரிக்காவில் அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு பெரிய மோட்டார் கார் தொழிற்சாலையில் ஒரு ராட்சத மின்சார இயந்திரம் பழுதாகிவிட்டதாம். யாராலும் குறையைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். ஸ்டைன்மெட்ஸ் வந்தாராம். இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டாராம். நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டாராம். பிறகு ஏணியில் ஏறி, ஓர் இடத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டாராம். அந்த இடத்தைத் திறந்து சரிசெய்தார்கள், இயந்திரம் ஓடியது.

10 ஆயிரம் டாலருக்குப் பில் வந்தது. முதலாளி திகைத்து விவரம் கேட்டார். கோடு போட ஒரு டாலர், எங்கே போடுவது என்று தெரிந்ததற்கு மீதி என்று விவரம் வந்ததாம்.

இது வாய்வழியாக வந்த கதை. ஆனால் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிற எவரும் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். சரிசெய்வது சின்ன வேலை. எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

பேரன் பேத்தி எடுத்த பிரமசாரி

ஸ்டைன்மெட்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம் உடம்புக் குறை பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று பயந்தார். ஆனால் அவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர்.

அவரிடம் ஹேடன் என்று ஓர் இளைஞர் வேலை செய்தார். அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. தம்முடைய பெரிய வீட்டில் வந்து தங்கும்படி ஸ்டைன்மெட்ஸ் அந்த இளம் தம்பதியை அழைத்தார். பிறகு ஹேடனையே சட்டப்படி மகனாகச் சுவீகாரம் செய்துகொண்டார். மூன்று பேரக் குழந்தைகள் பிறந்தார்கள். தனிமரமாக இருந்தவர் தாத்தா ஆனார். உலகம் போற்றிய விஞ்ஞானி, வீட்டில் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டோடு ஒரு கண்ணாடித் தோட்டம் இருந்தது. அதில் கள்ளிச் செடிகளை வளர்த்தார். முதலைக் குட்டிகளையும் வளர்த்தார்! கோடைக்காலத்தில் ஆற்றங்கரைக் குடிலுக்குப் போவார். சின்னப் படகில் பலகையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் காகிதத்தை வைத்துக் கணக்குப் போடுவார். படகு தன் பாட்டுக்கு மிதந்துகொண்டிருக்கும்.

ஊர்ப் பள்ளிக்கூடங்களின் நிர்வாகக் குழுவுக்கும் அவர் தலைவராக இருந்தார். வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஏழைகளின் பிள்ளைகளுக்காகவும், மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்காகவும் தனி வகுப்புகள் வேண்டும் என்று பாடுபட்டார். மொழி தெரியாமல் வந்து இறங்கியவனின் துன்பம் அவருக்குத் தெரியாதா?

மின்னலைச் செய்தவர்

1920-ல் ஒருநாள் அவருடைய ஆற்றங்கரைக் குடிலில் இடி விழுந்தது. ஒரு நிலைக்கண்ணாடி தூள் தூளாயிற்று. வேறு யாராக இருந்தாலும் அதைக் கூட்டிப் பெருக்கி எறிந்திருப்பார்கள். ஸ்டைன்மெட்ஸ் ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினார். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, மின்னல் எந்த வழியாகப் பாய்ந்தது என்று ஆராய்ந்தார்.

மின்சாரக் கம்பிகளுக்குப் பெரிய எதிரி மின்னல். எதிரியைச் சோதிக்க வேண்டுமானால் அவனை வரவழைக்க வேண்டும். 1922-ல் அவர் சோதனைச் சாலையிலேயே மின்னலை உண்டாக்கிக் காட்டினார். 1 லட்சத்து 20 ஆயிரம் வோல்ட்! ஒரு மரத்துண்டு வெடித்துச் சிதறியது. அதே ஆண்டில் எடிசனே அங்கு வந்து அந்த அதிசயத்தைப் பார்த்தார்.

1923-ல் குடும்பத்தோடு அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய்விட்டுத் திரும்பினார். உடம்பு களைத்திருந்தது. அக்டோபர் 26-ந் தேதி காலை, படுக்கையிலேயே அமைதியாக உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 58.

தலைகீழ் வரிசை

ஸ்டைன்மெட்ஸ் போட்ட பாதையில் இன்னொருவர் ஓர் அடி முன்னே வைத்தார். அவர் பெயர் ஃபோர்ட்டெஸ்க்யூ. கனடா நாட்டில் பிறந்தவர். பெரிய மின்சார வழிகளில் மூன்று கம்பிகள் உண்டு. மூன்று ஊஞ்சல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக ஆடும். ஒரு கம்பியில் மட்டும் மட்டை விழுந்தால் ஒழுங்கு கெட்டுவிடும்.

அப்படிக் கெட்டுப்போன ஆட்டத்தை மூன்று ஒழுங்கான வரிசைகளாகப் பிரிக்கலாம் என்று 1918-ல் ஃபோர்ட்டெஸ்க்யூ காட்டினார். நேர் வரிசை ஒன்று. தலைகீழ் வரிசை ஒன்று. மூன்றும் சேர்ந்து ஆடும் வரிசை ஒன்று. நல்ல நேரத்தில் தலைகீழ் வரிசை அநேகமாக இருக்காது. அது தலைகாட்டினால் எங்கேயோ பழுது என்று அர்த்தம். அந்தக் கட்டுரையின் மீது நடந்த விவாதத்தில் ஸ்டைன்மெட்ஸும் கலந்துகொண்டார்.

அன்று முதல் ரிலேக்களுக்கு இது ஒரு நல்ல அடையாளம் ஆயிற்று. தலைகீழ் வரிசையின் அழுத்தத்தையும் கரண்டையும் ஒப்பிட்டால், பழுது முன்னாலா பின்னாலா என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் இந்தக் கணக்குப் பயன்பட்டது. 1932-ல் நீலகிரியில் பைகாரா மின்சாரம் பிறந்தது. 1944-ல் பாபநாசம் மின்சாரம் வந்தது. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது. பின்னர் ராஜபாளையம் நூல் மில்களுக்குப் பேர்போன ஊராயிற்று. கதிர்கள் சுழல மின்சாரம் வேண்டும். மின்சாரம் வரக் கம்பிகள் வேண்டும். கம்பிகளைக் காக்க ரிலேக்கள் வேண்டும். ஸ்டைன்மெட்ஸ் இந்த ஊர்களைப் பார்த்ததில்லை. அவருடைய கணக்கு மட்டும் வந்து சேர்ந்தது.

சூரியன் கொண்டுவந்த சிக்கல்

இப்போது ஒரு புதுச் சிக்கல் முளைத்திருக்கிறது.

பழைய மின்நிலையங்களில் டன் கணக்கான இரும்பு சுழல்கிறது. எங்காவது கம்பி அறுந்து விழுந்தால் அந்த இயந்திரம் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டைக் கொட்டும். அந்தக் கரண்டின் நடத்தையும் மாறாதது. ரிலேக்கு அது நன்றாகப் பழக்கம்.

இன்று வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. சூரியப் பலகை தரும் மின்சாரம் ஊஞ்சல்போல ஆடாது. ஒரே பக்கமாக ஓடும். அதை ஆடும் மின்சாரமாக மாற்றுகிற கருவிக்கு இன்வர்ட்டர் என்று பெயர். கரண்ட் போனால் வீட்டில் மின்விசிறியை ஓட்டுகிற இன்வர்ட்டர் உங்களுக்குத் தெரியும். மின்நிலையத்தில் இருப்பது அதன் பெரிய அண்ணன். புதிய காற்றாலைகள் பலவற்றிலும் இதே வகைக் கருவி உண்டு.

இன்வர்ட்டருக்குள் சுழலும் இரும்பு கிடையாது. மின்னணு சுவிட்சுகள்தான் இருக்கின்றன. அதிகக் கரண்ட் பாய்ந்தால் அவை கருகிவிடும். அதனால் பழுது வந்தாலும் வழக்கத்தைவிடச் சற்று அதிகமான கரண்டை மட்டுமே அது விடும். எப்போது முந்துவது, எப்போது பிந்துவது என்பதையும் அதற்குள் எழுதிவைத்த நிரல் தீர்மானிக்கிறது. தலைகீழ் வரிசையைச் சில இன்வர்ட்டர்கள் அடக்கியே விடுகின்றன.

இப்போது நம் இரண்டு காவலாளிகளிடம் வாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் ஒரு சூரிய மின்நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுவில் கம்பி அறுந்து விழுகிறது. ராஜபாளையத்துக் காவலாளி, முன்னால் என்று சரியாகச் சொல்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் காவலாளி இன்வர்ட்டர் தரும் கரண்டைப் பார்க்கிறான். அது பழைய வழக்கப்படி இல்லை. அவன் குழம்பிப்போய், பின்னால் என்று சொல்லிவிடலாம். அல்லது ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடலாம். அவ்வளவுதான்! பழுது வெளியே இருக்கிறது என்று முடிவாகிவிடும். கம்பி உடனே வெட்டப்படாமல் போகும்.

இன்வர்ட்டரே ஏமாறுவதும் உண்டு. 2016 ஆகஸ்ட் 16-ந் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ எரிந்தது. அதனால் மின்வழிகளில் பழுதுகள் ஏற்பட்டன. அங்கே ரிலேக்கள் சரியாகவே வேலை செய்தன. ஆனால் தொலைவில் இருந்த சூரிய மின்நிலையங்களின் இன்வர்ட்டர்கள் நிலைமையைத் தப்பாகப் புரிந்துகொண்டன. ஏறக்குறைய 1,200 மெகாவாட் மின்சாரம் திடீரென்று நின்றது.

மறுபடியும் அவர் கணக்குத்தான்

இதற்கு மருந்து என்ன? எஞ்சினியர்கள் மறுபடியும் ஸ்டைன்மெட்ஸின் கணக்கையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வழி, கம்பியின் இரண்டு முனைகளிலும் ஓடும் கரண்டை ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுவது. கண்ணாடி இழை வழியாக அந்த அளவுகள் நொடியில் போய்வருகின்றன. உள்ளே போன கரண்ட் வெளியே வரவில்லையா? நடுவில்தான் பழுது! திசையைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு வழி, இன்வர்ட்டருக்கு ஒழுக்கம் கற்பிப்பது. பழுது நேரத்தில் உடனே கழன்றுகொள்ளாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று நம் நாட்டு மின்சார விதிகளும் சொல்கின்றன. 2022-ல் வெளியான 2800 என்ற எண்ணுள்ள அமெரிக்கத் தர விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. சமநிலை கெட்ட பழுது வந்தால் தலைகீழ் வரிசைக் கரண்டை இன்ன முறையில் விட வேண்டும் என்று அது வரையறுக்கிறது. பழைய இயந்திரம் இயல்பாகச் செய்ததை, புதிய கருவி விதிப்படி செய்ய வேண்டும். அப்போது காவலாளிக்குத் திசை தெரியும்.

அந்த விதியை வெளியிட்டது எந்தச் சங்கம் தெரியுமா? ஸ்டைன்மெட்ஸ் தலைவராக இருந்த அமெரிக்க எஞ்சினியர்கள் சங்கம், 1963-ல் இன்னொரு சங்கத்தோடு சேர்ந்து ஐ.இ.இ.இ. என்று பெயர் பெற்றது. அதே சங்கம்தான்! இப்படிப்பட்ட தர விதிகளை உருவாக்க உழைப்பவர்களுக்கு அது ஒரு விருது கொடுக்கிறது. விருதின் பெயர், சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் விருது.

வாசகர்களே! காற்றுக் காலத்தில் தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாதீர்கள். பிள்ளைகளையும் மாடு கன்றுகளையும் போக விடாதீர்கள். மின்சாரம் நின்றிருக்கும் என்று நம்பித் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். காவல் கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் நம் உயிருக்கு நாமும் காவல்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1889-ல் நியூயார்க் துறைமுகத்தில் அதிகாரிகள் ஒரு வாலிபனைப் பார்த்தார்கள். குறை அவனிடம் இருக்கிறது என்று தீர்மானித்தார்கள். குறை அவனிடம் இல்லை. அவர்கள் பார்த்த பார்வையில் இருந்தது. பழுது எந்தப் பக்கம் என்று சரியாகக் கண்டுகொள்வது மின்சாரக் கம்பிக்கு மட்டும் வேண்டிய வித்தை அல்ல.